செல்வியின் விளையாட்டில் நான் அடித்த விதி

5-8-82, வியாழன்
வெயில். காற்றெல்லாம் சிமெண்ட் லாரிப் புழுதி. பெரம்பலூரிலிருந்து அப்பாவுக்கு மாற்றலாகி அரியலூர் வந்து ஏழு வாரம். மதியம் எலுமிச்சை சாதம். இன்றும் தனியாகத்தான், சைக்கிள் கொட்டகைப் பக்கம்.

பிறகு ஓர் அதிசயம். ரெட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி (என் வகுப்பு, கடைசி பெஞ்ச்) தானாக வந்து ஒரு நோட்டைக் கொடுத்தாள். "நீ நெறைய படிக்கிறவதான. தப்பு இருந்தா பாத்துச் சொல்லு."

அவளே உண்டாக்கிய விளையாட்டு. பெயர் 'காட்டு வழி'. ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: வைத்தியச்சி, திருடன், வழி தவறிய பாட்டுக்காரன். என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்ட வேண்டும். வெள்ளை அதிகம் விழுந்தால் நினைத்தது நடக்கும். 12 விதிகள்.

6-8, வெள்ளி
கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி. நோட்டை மூன்று முறை படித்தேன். திருத்தங்கள் தனித்தாளில்:
வி. 2 – வெள்ளையும் கறுப்பும் சமமாக விழுந்தால்?
வி. 5 – திருடனுக்கு மட்டும் மூன்று உயிர். நியாயமில்லை.
வி. 7 – ஆறு எந்தப் பக்கம்? படம் தேவை.
வி. 9 – உருட்டுமுன் பக்கத்தில் இருப்பவள் "ஏன் அப்படிப் பண்ற?" என்று கேட்க வேண்டும், பதில் சொன்ன பிறகே உருட்டலாம். வீண் தாமதம். எடுத்துவிடலாம்.
இப்படி 17. அம்மா: "பரீட்சைக்குக்கூட நீ இப்புடி ஒக்காந்ததில்ல."

9-8, திங்கள்
தூறல். தாளைக் கொடுத்தேன். செ. நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பயந்துவிட்டேன். பெல் அடித்த பிறகு, "எல்லாத்தையும் மாத்திடறேன். சனிக்கெழம வூட்டுக்கு வா, வெளையாடலாம்."
இன்னும் ஐந்து நாள்.

14-8, சனி
செ. வீடு. அவள் அக்கா, எதிர்வீட்டு மும்தாஜ், நான். செ. கதை சொன்னாள். புது நோட்டு, என் திருத்தம் அத்தனையும் அதில்.
உருட்டினோம். நடந்தது. உருட்டினோம். நடக்கவில்லை. கால் மணியில் காடு முடிந்துவிட்டது. நான் வைத்தியச்சி. எப்படிப்பட்ட வைத்தியச்சி என்று எனக்கே தெரியாது.
அக்கா: "போன மாசம், ஏன் திருடுறன்னு கேட்டதுக்கு மும்தாஜ் சொன்ன பதில்ல நான் அழுதுட்டேன். இப்ப தாயம் ஆடுற மாதிரில்ல இருக்கு."
மும்தாஜ்: "யாருடி அந்தக் கேள்வியத் தூக்குனது?"
"நாந்தான்" என்றாள் செ. என்னைப் பார்க்கவில்லை.
முறுக்குத் தின்றேன். ஐந்து மணி பஸ்.

15-8, ஞாயிறு
பள்ளியில் கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். செ. வரவில்லை.
வீட்டில் தனியாக உருட்டிப் பார்த்தேன், வி. 9 சேர்த்து. கேட்பதும் நானே, சொல்வதும் நானே.
"ஏன் அந்தாளுக்கு மருந்து குடுக்குற?"
"எங்கிட்ட யாரும் வர்றதில்ல. இவன் வந்தான்."
கொட்டைகளைக் கீழே வைத்துவிட்டேன்.
ஒரு தடவைகூட விளையாடாமல் திருத்தியிருக்கிறேன். நாளை சொல்லிவிட வேண்டும். சொன்னால் செ. பேசாமல் போய்விடலாம். அப்புறம் மறுபடி சைக்கிள் கொட்டகைதான்.

16-8, திங்கள்
மதியம் சொல்லிவிட்டேன். வி. 9 என் தப்பு, விளையாடிப் பார்க்காமலே அடித்தேன் என்று.
செ. டிபன் டப்பாவை மெதுவாக மூடினாள். "அது தப்புன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."
"அப்பறம் ஏன் எடுத்த?"
"ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்திருந்தியே. ஒண்ண வேணாம்னு சொன்னா நீ மறுபடி என் நோட்டப் படிக்க மாட்டியோன்னு."