கார்னீலியா அத்தையின் ஜாடி

ஜூலை 11, திங்கள்

இந்த வருஷம் குடும்பம் கூடுவது என் வீட்டில். ஆகஸ்டு ஆறாம் தேதி. முப்பத்தொரு வருஷமாக நாத்தனார் வெர்டெல் வீட்டில்தான் பன்றி வெந்தது. அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால் முறை எனக்கு வந்துவிட்டது.

பன்றியைப் பற்றிக் கவலையில்லை. மகன் எல்வுட் ஹிக்கரி மரக் கரியில் பக்குவமாக வாட்டிவிடுவான். கவலையெல்லாம் அதன்மேல் ஊற்றும் சாஸ்தான். என் மாமியார் கார்னீலியாவின் சாஸ். வினிகர், உப்பு, உடைத்த சிவப்பு மிளகாய், மிளகு, ஒரு கை சர்க்கரை - அவ்வளவுதான் என்று அத்தை இறந்த 91-இல் வெர்டெல் சீட்டு எழுதிக் கொடுத்தாள். சீட்டு இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது. அதன்படி செய்தால் நாக்கைச் சுடுகிறது. அத்தை செய்தது தொண்டையில் மெல்ல இறங்கும்.

வெர்டெல் எதையோ மறைத்துவிட்டாள். தாயின் கைமணத்தை மருமகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. சீட்டு கொடுத்த அன்று அவள் போட்டிருந்தது மஞ்சள் கவுன். ஒரு காதில்தான் தோடு, அலங்கோலம். எனக்கு எதுவும் மறக்காது.

ஜூலை 15

நாலாவது தடவை சாஸ் செய்தேன். எல்வுட் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தான்.

"என்னம்மா இது, ஜன்னல் தொடைக்கவா?"

சாஸைத் தொட்டியில் கொட்டினேன்.

"மேற்கு மாவட்டத்துக்காரங்க சாஸ்ல ஊத்துற மாதிரி கொஞ்சம் கெச்சப் ஊத்திடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"நான் செத்த பிறகு ஊத்து."

"அப்ப வெர்டெல் அத்தைகிட்ட ஒரு பாட்டில் வாங்கிட்டு வரேன்."

"அதுக்கு நான் கெச்சப்பையே குடிப்பேன்."

சொல்லிவிட்டேன். ஆனால் அறுபது பேர் என் சாஸைத் தொட்டுவிட்டு முகம் சுளித்தால்? அத்தையின் பிள்ளைகள், பேரன்கள், எல்லோரும். இந்த வீட்டுக்கு நான் வெளியாள்தான் என்று ஆகிவிடாதா?

ஜூலை 19

மதியம் நாற்காலியில் கண் அசந்தேன். அத்தை வந்தாள். புகையிலை வரிசைகளுக்கு நடுவே, கால் மண்ணில் படாமல். இடுப்பில் அவள் சாஸ் வைக்கும் பழுப்புக் கண்ணாடி ஜாடி, அதற்குள் வெயில். மிளகாய் விதைகள் எழுவதும் அமிழ்வதுமாக, அவசரமே இல்லாமல். ஜாடியைச் சாய்த்தாள். உள்ளே இருந்தது கலங்கலாக, சோம்பலாக வந்தது. அத்தை என்னைப் பார்த்தாள். கோபமில்லை. விழித்தபோது உள்ளங்கையில் வினிகர் வாசம்.

ஜூலை 20

அடியில் ஏதோ இருந்ததே. அந்த ஜாடியின் அடியில்.

ஜூலை 21

அத்தையைப் புதைத்த மூன்றாம் நாள். அவள் பாத்திரங்களையெல்லாம் இறக்கிக் கழுவினேன். ஜாடியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேறு மாதிரி. பீக்கன் மரத்தடியில் கொட்டினேன். வெந்நீர், சமையல் சோடா, ஒரு பிடி அரிசி போட்டுக் குலுக்கிக் குலுக்கிப் பளிச்சென்று ஆக்கினேன். பெருமையாகக்கூட இருந்தது. சீட்டோடு வந்த வெர்டெல் வாசற்படியில் நின்று பார்த்தாள். சீட்டை மேசையில் வைத்தாள். சாப்பிடாமல் போனாள். திமிர் என்று நினைத்தேன்.

மஞ்சள் கவுன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இதை மட்டும் ஏன் நான் பார்க்கவில்லை? கடவுளே - கொட்டினது நானா?

ஜூலை 22

வெர்டெல் வீட்டுக்குப் போனேன். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அண்ணி. ஜாடியோட வந்திருக்கீங்க. என் தலையில உடைக்கவா?"

"அடியில இருந்தது அழுக்கில்லையா, வெர்டெல்?"

ஜாடியை வாங்கி அதன் அடியைத் தடவினாள்.

"அம்மா அதை ஒரு நாளும் காலி பண்ண மாட்டாங்க. பழசு மேலயே புதுசை ஊத்துவாங்க. கல்யாணமாகி வந்த வருஷத்துலேருந்து."

"அப்பவே ஏண்டி சொல்லல?"

"நீங்க அழுதுகிட்டே தேய்ச்சீங்க. பெத்த பொண்ணு, நானே அப்படி அழல. எப்படிச் சொல்றது?"

"உன்னைக் கள்ளின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே."

"தெரியும். சர்ச்சுல பாதிப் பேர் வந்து சொல்லிட்டாங்க. மீதிப் பேர் நெசமான்னு கேக்க வந்தாங்க."

தடியை ஊன்றி எழுந்து போய் ஒரு சின்னப் பாட்டில் கொண்டுவந்தாள். அவள் கல்யாணத்துக்கு அத்தை ஊற்றிக் கொடுத்தது. அவளும் அதைக் காலியாகவே விட்டதில்லை. குலுக்கி, சரிபாதியை என் ஜாடியில் ஊற்றினாள். கலங்கலாக, சோம்பலாக இறங்கியது.

ஆகஸ்டு 6, சனி

அறுபத்திரண்டு பேர். எல்வுட் சாஸ் தொட்ட விரலை நக்கிக்கொண்டான். ஜாடியைக் கழுவினது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு வெர்டெல் ஸ்டூலில் உட்கார்ந்து பாத்திரம் துடைத்தாள்.

"இந்த ஜாடியையும் பளிச்சுன்னு தேய்ச்சிடவா அண்ணி?"

"தொட்டுப் பாரு. இன்னொரு முழங்காலையும் ஆபரேஷனுக்கு அனுப்பறேன்."

சிரித்தாள். நானும்தான். பிறகு கேட்டேன்: "சீட்டு குடுத்த அன்னிக்கு ஒரு காதுல தோடு இல்லையே, எங்கடி போச்சு?"

துணியை மடித்து வைத்தாள்.

"பெட்டியில அம்மா கையில வச்சு மூடினேன்."

ஜாடியின் அடியில் நாலு விரல் மீதி இருந்தது. அதன்மேல் புது வினிகர் ஊற்றி வைத்திருக்கிறேன்.