அண்ணனின் சர்வரும் என் பாதி பாஸ்வேர்டும்

என் ஆசை சேகர் அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு வருடமாகிறது. சிகந்திராபாத் வீட்டு அலமாரியில் குடும்பப் படங்களுக்காக நீ வைத்த சர்வர் இன்னும் ஓடுகிறது. நான் காவல் இருப்பதால்தான் ஓடுகிறது. பத்தாவது தாண்டாதவன்தான்; ஆனால் நாச்சாரம் ஃபேக்டரியில் என்னைக் கேட்காமல் ஒரு கம்ப்யூட்டரைக்கூடத் தொட மாட்டார்கள்.

போன மாதம் கச்சிபௌலியிலிருந்து உன் மகள் நித்யா வந்தாள். "சித்தப்பா, டேட்டாபேஸ் திணறுது. வேற ஒண்ணுக்கு மாத்தணும். உங்க பாதி பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. முன்பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு என்று பிரித்தவன் நீ. ஒருவரை விட்டு ஒருவர் திறக்கக் கூடாது என்றுதானே? இவளுக்கு என்ன திடீர் அவசரம்?

"போட்டோ எல்லாம் பத்திரமாத்தானே இருக்கு? எதுக்கு மாத்தணும்?"

"போட்டோ டிஸ்க்ல இருக்கு. அப்பா ஒவ்வொண்ணுக்கும் கீழ எழுதினது டேட்டாபேஸ்ல இருக்கு. அது கெட்டா ஒரு வரி மிஞ்சாது."

மூன்று வாரம் இழுத்தடித்தேன். உன் எழுத்தைத் துடைத்துவிட்டுப் பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்பப் போகிறாளோ? பிறகு ஒரு நாள் படங்கள் திறக்கவே இல்லை. பயந்துவிட்டேன். அவளை வரவழைத்து, சுவர் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, என் பாதியை நானே தட்டினேன்.

முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்தாள். உடனே என் போனில் 'பராமரிப்பு நடக்கிறது' என்று வந்தது.

"என்னை ஏன் வெளியே தள்ளினே?"

"எல்லாரையும்தான். மாத்தும்போது யாரும் எதையும் சேர்க்கக் கூடாது."

"என்னை நம்பலையா?"

"சுவரைப் பாக்க வெச்சது யாரு, சித்தப்பா?"

எல்லா வரியும் வந்துவிட்டது என்றாள். வந்தது உன்னுடையதா, அவள் கைவரிசையா? நாகார்ஜுனசாகரில் நான் பெரிய மீனைத் தூக்கி நிற்கும் படத்தைத் திறந்தேன். ஊரெல்லாம் நான் காட்டிய படம். கீழே எழுதியிருந்ததை அன்றுதான் படித்தேன்: "மீன் என் தூண்டிலில் சிக்கியது. போஸ் மட்டும் தம்பியுடையது."

நித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். என் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. நம் இருவரைத் தவிர அந்த மீன் விஷயம் யாருக்குத் தெரியும்?

அழிக்க ஒரு பொத்தான் போதும். விரல் போனது. அழிக்கவில்லை, அண்ணா. அழிக்கவும் மாட்டேன். இனி கேட்பவர்களிடம் உன் பெயரையே சொல்வேன். மீனின் எடையை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். அது உனக்கும் பெருமைதானே?

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவன், நித்யாவின் சித்தப்பா