விழாத பந்து

மச்சான்,

இன்றைக்குக் காலையில் பக்டரியில் ஒரு தேயிலைக் கொழுந்துச் சாக்கைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். சுட்டது. சூடேறிய கொழுந்தின் வாசனை உனக்கு நன்றாகவே தெரியும். அழுகப்போகும் கொய்யாப்பழத்தைப் பெட்டியில் போட்டு மூடிவைத்தது போல ஓர் இனிப்பு, கூடவே கொஞ்சம் குமட்டல். மற்றவர்களுக்கு அது நட்டத்தின் வாசனை. எனக்கு அது உன் வாசனை. சொன்னால் அடிக்க வருவாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பக்கத்தில் நின்ற பிள்ளை, "என்னண்ணே, கொழுந்து வெந்து கெடக்கு, நீங்க சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். அமெரிக்காவில் ஒருத்தன் எறிந்த பந்தால் எங்கள் தோட்டத்துக் கொழுந்து வெந்த கதையை ஆரம்பித்தால், டீமேக்கர் ஐயா என்னை நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். பேசாமல் சாக்கை உதறினேன்.

சிரிப்பு நின்றதும் இருப்புக் கொள்ளவில்லை. பாப்பாதான் காரணம். உன் மருமகளைக் கொழும்பில் ஒரு கம்பனியின் கூடைப்பந்து அணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை தெரிவு. எடுத்துவிட்டால் விளையாட்டுத்தான் வேலை, வேலைதான் விளையாட்டு, மாதச் சம்பளம். இந்தத் தோட்டத்தில் பந்தை எறிந்து சம்பளம் வாங்கியவர் யாரும் இல்லை. அவளோ போகமாட்டேன் என்கிறாள். நான் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். "உக்காருங்களேன், பாக்குறவளுக்கே தல சுத்துது" என்கிறாள் பாப்பாவின் அம்மா. உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. அதனால்தான் உனக்கு எழுத ஆரம்பித்தேன். ஓ.எல். பரீட்சையில் கணக்கில் இரண்டு தடவை கவிழ்ந்தவன் எழுதுகிற எழுத்து, பார்த்துப் படித்துக்கொள்.

நீ கத்தாரில் லொறி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது எல்லாரும் உன் பெட்டியைத்தான் பார்த்தார்கள். நீ கொண்டுவந்ததோ கூடைப்பந்துப் பைத்தியம். அறையில் கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் தொற்றவைத்து அனுப்பியது. தோட்டம் முழுக்கக் கிரிக்கெட் பேச, நீ மட்டும் அமெரிக்காவில் காசுக்கு ஆடுகிற நெட்டையன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். அவர்களுக்கு ராத்திரி என்றால் நமக்குக் காலை. பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்து ஆட்கள் மலைக்கு ஏறியதும், நீ கொழுந்து லொறியைக் கோயில் வளைவில் நிறுத்துவாய். லொறிப் பாதையில் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். சாக்கு ஏற்றி இறக்குகிற நான் பக்கத்து சீட்டில். போன் ஸ்டியரிங்கில் சாய்ந்து நிற்கும்.

எனக்கு ஒன்றும் புரியாது. "ஏன்டா, அவன்தான் போடப்போறான்னு எல்லாருக்கும் தெரியுதுல்ல, நாலு பேரா சேந்து புடிச்சிக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன் ஒருநாள். நீ என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. "இது கல்யாண வீட்டுப் பந்தியாடா, புடிச்சி உக்கார வைக்க?" என்றாய்.

நீ வளையத்தைப் பார்க்கச் சொல்லமாட்டாய். கடைசி நொடிகளில் பந்து கையில் இல்லாதவர்களைப் பார்க்கச் சொல்வாய். "அந்தா ஓடுறான் பாரு, பந்து வேணும்னு ஓடல, எங்க நம்மகிட்ட வந்துருமோன்னு ஓடுறான்." பார்த்தேன். உண்மைதான். கையைக் காலை ஆட்டி மும்முரமாக ஓடிக்கொண்டே ஒளிந்துகொண்டிருந்தான். தொழிற்சங்கக் கூட்டத்தில் யார் பேசப்போவது என்று தலைவர் கேட்கும்போது நான் செருப்பு வாரைச் சரிசெய்வேனே, அச்சு அசல் அதே ஓட்டம்.

அந்தச் சூட்டுக் கொழுந்து நாள். காலை நிறுவைக் கொழுந்தை ஏற்றிவிட்டோம். நேராக பக்டரிக்குப் போகவேண்டிய லொறி. "ஒரே ஒரு நிமிசம் மச்சான்" என்று வளைவில் நிறுத்தினாய். உன் ஆள், கடைசி நொடியில் போட்டு ஜெயிக்கவைப்பான் என்று உலகமே சொல்கிற ஆள், எகிறி எறிந்தான். பந்து மேலே போனது. சிக்னல் நின்றது. திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"பந்து ஆகாசத்துல நிக்குதுடா!"

"நிக்கட்டும், நாம எறங்குவோம். கொழுந்து கெடக்கு."

"கீழ போனா மருந்துக்கும் சிக்னல் இருக்காது" என்றாய். லொறியைத் திருப்பி மேல் மலைக்கு ஏற்றிவிட்டாய். அங்கேயும் வட்டம்தான் சுற்றியது. இன்னும் மேலே, தண்ணீர்த் தொட்டி வரை போனோம். வெயில் சுள்ளென்று அடித்தது. கடைசியில் படம் வந்தது. பந்து வளையத்தின் பின்பக்கம் பட்டு, வெளியே போய் விழுந்தது. தோல்வி. நீ ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாய். பின்னாலிருந்து அந்தக் கொய்யாப்பழ வாசனை வந்தது.

மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மோட்டர்சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றார். "எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க? பக்டரியில தேடிக்கிட்டு இருக்காங்க!"

"லொறி சூடாயிருச்சுங்க ஐயா."

அவர் சாக்குக்குள் கையை விட்டு வெடுக்கென்று இழுத்தார். "லொறியா சூடாச்சு?" என்றார்.

அன்றைக்கு முழுக்க நம் இருவரையும் கொழுந்தைக் கையால் உதறி உதறி ஆறவிடச் சொன்னார்கள். சிவந்துபோன இலைகளை நடுவில் நின்று பொறுக்கினோம். நீ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாய். நான் நினைத்தேன், அந்த ஆளை இனி நீ ஏறெடுத்தும் பார்க்கமாட்டாய் என்று. அடுத்த ஆட்டம் வந்தது. அதே கடைசி நொடி. அதே ஆள் இரண்டு கையையும் நீட்டிப் பந்தைக் கேட்டான். நீ சீட்டில் எழும்பி லொறிக் கூரையில் தலையை இடித்துக்கொண்டாய். "திரும்பவும் கேக்குறான் பாருடா! வெக்கங்கெட்டவன்! வெக்கங்கெட்டவன்!" உன் வாயிலிருந்து ஒரு மனுசனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை.

அன்றைக்கும் விழவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நுவரெலியாவில் பாப்பாவின் அணிக்கு இறுதி ஆட்டம், நானும் கூடப் போயிருந்தேன். யாரோ போனில் நேரடியாகப் போட, இங்கே லயத்து வீடுகள் முழுக்கப் பார்த்தன. ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம், கடைசி எறி பாப்பா கையில். எறிந்தாள். வளையத்தில் சுற்றியது, நான் எழுந்துவிட்டேன், வெளியே வந்துவிட்டது. அவ்வளவுதான். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள்.

ஊர் பேசியது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் ஆளுக்கொரு யோசனை. "இன்னும் கொஞ்சம் எட்டிப் போட்டிருக்கலாம் பாப்பா." "நாங்க திரும்பிக்கூடப் பாக்காம கொழுந்த முதுகுக் கூடையில போடுறோம், நீ பாத்துப் போட்டும் விழலையேடி!" வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள். அவள் அதற்குப் பிறகு பீலிக்குப் போகவில்லை. பயிற்சிக்கும் போகவில்லை. கொழும்பிலிருந்து கூப்பிட்டபோது, "எனக்கு வேணாம்ப்பா, அங்க போயும் கெட்ட பேரு வாங்கணுமா?" என்றாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். போனில் உன் ஆட்களைத் தேடி எடுத்தேன். மணியடிக்கும்போது பாதி மைதானத்திலிருந்து எறிந்து ஜெயித்தவர்கள், ஒற்றைக் காலில் சரிந்துகொண்டே போட்டவர்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினேன். "பாரு, எப்படிப் போடுறாங்க பாரு!"

அவள் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, நீங்க காட்டுறது எல்லாம் விழுந்த பந்து. விழாத பந்து ஒன்னு காட்டுங்க."

தேடினேன் மச்சான். கிடைக்கவில்லை. உலகத்தில் எவனும் விழாத பந்தைச் சேர்த்துவைத்து, பாட்டுப் போட்டு ஓட்டுவதில்லை. நீ உயிரோடு இருந்தால் ஆட்டத்தோடு தேதியும் சேர்த்துச் சொல்லியிருப்பாய். எனக்கு ஒருத்தனின் பெயர்கூட ஒழுங்காக வாயில் வராது.

இன்று மாலை பக்டரியிலிருந்து வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். லொறிக் கதையைச் சொன்னேன். "லொறியா சூடாச்சு" என்ற இடத்தில் சிரித்துவிட்டாள், பிறகு சிரித்ததற்காக முறைத்தாள். அடுத்த ஆட்டத்தில் அவன் திரும்பவும் கை நீட்டியதைச் சொன்னேன். "ஒன் மாமா அவன வெக்கங்கெட்டவன்னு கொண்டாடினான்" என்றேன்.

"அப்ப விழுந்துச்சாப்பா?"

விழுந்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எந்த அப்பன் சொல்லமாட்டான்? ஆனால் நீ பின்னாலிருந்து தலையில் தட்டுவது போல இருந்தது. "விழல பாப்பா" என்றேன். "வேற நாள்ல விழுந்துச்சு. நெறைய நாள் விழல. நாங்கதான் முழு ஆட்டமும் பாத்தோமே."

அவள் எழுந்து போய்விட்டாள். கெடுத்துவிட்டேன் என்று நினைத்து இந்தக் கடிதத்தை எடுத்தேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

*

நாளைக்கு என்று சொல்லி ஒரு வாரத்துக்கும் மேல் ஆகிவிட்டது, கோபிக்காதே. அடுத்த நாள் காலை அடுப்படியில் அவளுடைய ஷூ காய்ந்துகொண்டிருந்தது. நான் பார்க்காத மாதிரி தேத்தண்ணீர் குடித்தேன். ஏதாவது பேசினால் ஷூ மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடுமோ என்ற பயம்.

வெள்ளிக்கிழமையே போய் வத்தளையில் பாப்பாவின் சின்னம்மா வீட்டில் தங்கினோம். மறுநாள் அந்தப் பெரிய மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளும் நம் பாப்பாவைவிட அரை முழம் உயரம். பெற்றவர்கள் உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தர் சிங்களத்தில் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். அவர் திரும்பியதும் எழுந்துவிட்டேன்.

பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் சமநிலை. பந்து ஓர் உயரமான பிள்ளையிடம். நம் பாப்பா மூலையில் தனியாக நின்றாள். இரண்டு கையையும் தூக்கி, "மெஹாட்ட! மெஹாட்ட!", இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று சிங்களத்தில் மண்டபமே அதிரக் கத்தினாள். அந்தக் குரல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. தானே எறிந்தாள். விழவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

எடுப்பார்களா, மாட்டார்களா என்று இன்றுவரை சொல்லவில்லை. போன் அடித்தால் ஓடுகிறேன். நேற்று அரிசிக் கடை முதலாளியின் அழைப்புக்கு "வணக்கம் மேடம்" என்று சொல்லிவிட்டேன். தூக்கமும் ஒழுங்காக இல்லை, சாப்பாடும் இல்லை. வயிறு மட்டும் எப்படியோ அப்படியே இருக்கிறது.

ஆனால் உனக்கு நான் சொல்ல வந்தது திரும்பி வந்த ரயிலைப் பற்றி. கொழும்புக் கோட்டையில் ஏறியதிலிருந்து அவள் வாய் மூடவில்லை. "தனியா நிக்கிறேன்ப்பா, கிட்ட ஒருத்தியும் இல்ல! கண்ணு தெரியாதா அவளுக்கு? அவ்வளவு கத்துறேன், காது கேக்காதா?" ரம்புக்கனையில் கத்தினாள். நாவலப்பிட்டியில் கத்தினாள். எதிரே இருந்த பெரியவர் பயந்துபோய்க் கடலைச் சுருளை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு அவரிடமும் முறையிட்டாள். அட்டன் நெருங்கும்போது பெட்டி முழுக்க எங்களையே பார்த்தது.

"மெதுவா பேசு பாப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்ப்பா" என்றாள்.

என்னால் உட்கார முடியவில்லை, மச்சான். எழுந்து போய்க் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளிடம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. உன்னைத் தவிர இதைச் சொல்ல ஆளும் இல்லை. நீ லொறியில் இரண்டு தடவை கத்திய அந்தச் சொல்லைத் தலவாக்கலை வரைக்கும் வாயிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன்.