மூங்கிலுக்கு மேல் தெரிந்த குடை

1866 ஒக்டோபர் 9, செவ்வாய். கண்டி

காலையிலிருந்து மழை. காப்பிக் கம்பெனித் துரை என்னைக் கூப்பிட்டு நேரம் பார்க்க ஒரு மணிக்கூடும், தடித்த அட்டை போட்ட புத்தகமும், ஒரு குப்பி சிவப்பு மையும் தந்தார். இன்றிலிருந்து நான் மூட்டை சேரும் கிட்டங்கியில் எழுத்தன் அல்ல, பாதைக் கண்காணிப்பாளன். கம்பளைக்கு மேலேயுள்ள தோட்டத்திலிருந்து மாட்டு வண்டிகள் காப்பி மூட்டை கொண்டுவரும் வழியெல்லாம் நான் நடக்க வேண்டும். எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், மூட்டை வாயை அவிழ்க்கிறார்களா, மாட்டை அடிக்கிறார்களா - எல்லாம் எழுத வேண்டும். ஆளுக்கொரு பக்கம். குற்றத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. இரண்டு கோடு விழுந்தால் வண்டி வேறு ஆளுக்குப் போகும்.

"அவர்கள் உன்னைப் பார்க்கக்கூடாது. நீ அவர்களுடைய வேலையில் தலையிடக்கூடாது. பார், எழுது, அவ்வளவுதான்" என்றார் துரை.

கடைவீதியில் பெரிய கறுப்புக் குடை ஒன்று வாங்கினேன். அம்மாவுக்கு எழுத வேண்டும், உங்கள் மகன் சண்முகநாதனுக்குப் பதவி உயர்வு என்று.

ஒக்டோபர் 12, வெள்ளி

இரண்டு நாளாக நடை. காலில் கொப்புளம். வண்டிக்காரர் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வேலைக்கென்றே பிறந்தவன் போலிருக்கிறது.

ஒக்டோபர் 17, புதன். கம்பளை

முதல் சிவப்புக் கோடு போட்டேன்.

கம்பளைக்கு அப்பால் வண்டிகள் ஓர் ஆற்றில் இறங்கி ஏறவேண்டும், பாலம் இல்லை. காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் புறப்படும் வண்டி ஒன்பதுக்கு அங்கே வந்துவிடும். நான் போனபோது பதினொன்று. அக்கரையில் ஒரு வண்டி அவிழ்த்துவிட்டபடி நிற்கிறது! வண்டிக்காரன் பெயர் மூக்கையா. ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர்தான். அதையும் கடக்கத் தெரியாமல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். யாழ்ப்பாணத்தில் கிணறு உண்டு, குளம் உண்டு. ஆறு ஏது?

அவன் என்னைக் கண்டு இக்கரைக்கே நடந்து வந்தான்.

"என்னங்க ஐயா, தோட்டத்துக்கா? கையப் பிடிச்சுக்கங்க. கல்லுல பாசி இருக்கு, வழுக்கும்."

"ஓம்" என்று கையைக் கொடுத்தேன். அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டான். உள்ளங்கை முழுவதும் காய்ப்பு. அடுப்பு மூட்டிய சாம்பல் ஆறிக் கிடந்தது. மாடுகள் மூன்று நாலு இடத்தில் சாணி போட்டிருந்தன. ஆக, நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறான். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை. அவன் வண்டி பூட்டிக்கொண்டு போனபின் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன்: "மூக்கையா. ஆற்றில் தண்ணீர் குறைவாயிருந்தும் இரண்டு மணித்தியாலம் வீண் தாமதம்."

அவனுடைய வெள்ளை மாட்டின் கழுத்து மணி வெடித்த மணி. மற்ற மணிகள் போல் கிணுகிணுக்காது. டொக் டொக் என்று கேட்கும்.

ஒக்டோபர் 20, சனி

சனிக்கிழமைகளில் கிட்டங்கி வாசலில் கோடு விழுந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். மூக்கையா தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான். நான் உள்ளே ஜன்னலருகில் இருந்தேன்.

ஒக்டோபர் 23, செவ்வாய். கம்பளை

ஆற்றுக்கு இந்தப் பக்கம் முனாப் என்பவர் ஆப்பமும் காப்பியும் விற்கிறார். அக்குறணை ஆள். எதையோ பேசிக்கொண்டிருந்தவர், தானாகவே ஆரம்பித்தார்.

"பாவம் ஐயா அந்த மூக்கையா. யாரோ தண்ணி கொறவுண்டு எழுதிட்டானாம். மேல மலையில பெஞ்சா இங்க ஆறு ஒரேயடியா ஏறும். ஏறின மாதிரியே எறங்கியும் போகும். நடு ஆத்துல அந்தா ஒரு கல்லு ஈக்குது, பாருங்க. யானைக்கல்லுண்டு சொல்ற. அது முதுகு காட்டினாத்தான் வண்டிக்காரனுகள் மாடு பூட்டுற. எழுதினவன் தண்ணி எறங்கின பொறகு வந்திருப்பான்."

காப்பியைக் கீழே வைத்தேன். அன்றைக்கு அந்தக் கல் நன்றாகத் தெரிந்ததே. நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு வாங்கினேன்.

ஒக்டோபர் 24, புதன்

அந்தச் சிவப்புக் கோட்டை அடித்து நீக்கலாமா? அடித்தால் துரை ஏன் என்று கேட்பார். இந்த வேலைக்கு வந்து ஒன்பதாம் நாளே பிழை விட்டவன் என்று பெயர் வரும். இன்னொரு நாள் அவன் காத்திருக்கும்போது "தகுந்த காரணத்துடன் தாமதம்" என்று எழுதிவிட்டால் போயிற்று. அதுவும் நியாயம்தானே?

நவம்பர் 2, வெள்ளி. கம்பளை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முற்பகல் பத்து மணி. மேலே மலையில் நல்ல மழை, இங்கே தூறல். ஆற்றங்கரை மூங்கில் புதருக்குப் பின்னால் குடை பிடித்து நின்றேன். யானைக்கல் மூழ்கிவிட்டது. தண்ணீர் செம்மண் நிறம். அக்கரையில் மூக்கையாவின் வண்டி வந்து நின்றது. எனக்கு மகிழ்ச்சி. உண்மையாகவே மகிழ்ச்சி! இன்றைக்குக் காத்திருப்பான், நானும் கறுப்பு மையில் நல்லதாக எழுதிவிடுவேன். மணிக்கூட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவன் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். தண்ணீரைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நேரே மூங்கில் பக்கம் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு சக்கரத்துக் கல்லை எடுத்துவிட்டான்.

மாடுகள் இறங்கின. நான் வாயைத் திறந்தேன். திறந்தேனா? பார், எழுது, அவ்வளவுதான் - இது மட்டும் தலைக்குள் ஓடியது. நடு ஆற்றில் வண்டி பக்கவாட்டில் திரும்பியது. அவன் முன்னால் குனிந்து மாட்டை நுகத்தில் கட்டிய பூட்டாங்கயிற்றைக் கத்தியால் அறுத்தான். வெள்ளை மாடு விடுபட்டு நீந்திக் கரையேறியது. மற்ற மாட்டின் கயிற்றை அறுக்க நேரம் கிடைக்கவில்லை. வண்டி, மூட்டை, மாடு, அவன் -

வெள்ளை மாடு என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்று நடுங்கியது. டொக். டொக்.

நவம்பர் 3, சனி. கண்டி

பேராதனைப் பாலத்துக்குச் சற்று மேலே ஆற்றில் உடலை எடுத்தார்களாம்.

துரை புத்தகத்தைக் கேட்டார். இன்று காலை நான் எழுதியது: "மூக்கையா. வெள்ளத்தை மதியாமல் தன் விருப்பத்தில் இறங்கினான்." துரை வாசித்துவிட்டுத் தலையாட்டினார். குற்றம் வண்டிக்காரனுடையது என்று முடிந்தது. அதனால் அவன் மனைவி பாலம்மா கம்பெனி வண்டிக்காரருக்குக் கொடுக்கும் லயத்து அறையில் இருக்க முடியாது. மாத முடிவில் அறையை விடவேண்டும்.

தன் விருப்பத்தில்தானே இறங்கினான்? அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் மறைவாகத்தான் நின்றேன்.

நவம்பர் 7, புதன்

கிட்டங்கியில் பட்டப்பகலில் மணி கேட்டது. வெடித்த மணி. வாசலுக்கு ஓடினேன். தெருவில் வண்டியே இல்லை.

நவம்பர் 9, வெள்ளி

மறுபடியும். கோயிலில் நிற்கும்போது. பூசை மணிக்கு அடியில் அந்த மணி.

நவம்பர் 12, திங்கள்

கையை எத்தனை தரம் கழுவினாலும் அந்தக் காய்ப்புப் போகவில்லை. என் கையில் ஏது காய்ப்பு? ஆற்றில் என்னைப் பிடித்த அவருடைய கையைச் சொல்கிறேன். பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்ல?

நவம்பர் 15, வியாழன்

பாலம்மா கிட்டங்கிக்கு வந்தார். அழவில்லை. வாசற்படிக்குக் கீழே நின்றே கேட்டார்.

"ஐயா, அவரு தண்ணிக்குப் பயந்த ஆளுங்க. கல்லு தெரியாம எறங்கவே மாட்டாரு. நீங்கதான் பாத்ததாச் சொல்றாங்க. அவர அவசரப்படுத்துற மாதிரி அங்க யாராச்சும் நின்னாங்களா?"

"இல்லை. ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தருமே இல்லீங்களா?"

"இல்லை எண்டுதானே சொல்லுறன்!"

ஏன் சத்தம் போட்டேன்? சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு எட்டு வைத்துத் திரும்பி, "மாடு எப்பிடி இருக்குங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 19, திங்கள். கம்பளை

மாடு எங்கே என்று தெரிந்துவிட்டது.

ஆற்றில் தண்ணீர் குறைவு, கல் முழுதாகத் தெரிந்தது. தூறலுக்குக் குடையை விரித்து மூங்கிலுக்குப் பின்னால் நின்றேன். டொக் டொக். எனக்கு வியர்த்துவிட்டது. அக்கரையில் அழகர் என்பவரின் வண்டி. வலப்பக்கத்தில் பூட்டியிருந்தது மூக்கையாவின் வெள்ளை மாடு. அப்பாடா, பேய் இல்லை, மாடுதான் என்று ஒரு நிமிடம் சிரிப்புக்கூட வந்தது.

மாடு தண்ணீரோரம் வந்து நின்றுவிட்டது. அழகர் தட்டினார், கெஞ்சினார், வாலை முறுக்கினார். அசையவில்லை. தலையைத் தூக்கி மூங்கிலையே பார்த்தது. அன்றைக்கு மூக்கையா பார்த்த அதே பக்கம். அரை மணி. என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன். மாடு பின்வாங்கிக் கத்தியது.

"குடைய மடக்குங்க ஐயா!" என்று அழகர் அக்கரையிலிருந்து கூவினார். "மாடு அதத்தான் பாக்குது!"

மடக்கினேன். மாடு மெல்ல இறங்கி வந்தது.

வண்டி கரையேறியதும் கேட்டேன், நான் இங்கே நிற்பது எப்படித் தெரியும் என்று. அழகர் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"மூங்கிலுக்கு மேல முழம் உசரத்துக்குத் தெரியுதே. ஒங்க பேரே எங்களுக்குத் தெரியாதுங்க. குடைன்னுதான் சொல்லுவோம். குடை நிக்குதா, போயிருச்சான்னு பாத்துட்டுத்தான் உக்காருறதும் எந்திரிக்கிறதும். ஆப்பக்கடை முனாப் காக்காவுக்கும் தெரியும். ஒங்க காதுல போடத்தான் அன்னைக்குக் கல்லப் பத்திச் சொன்னாரு."

நவம்பர் 20, செவ்வாய்

பார்த்தார். மூக்கையா என்னைத்தான் பார்த்தார். ஒரு கோடு ஏற்கெனவே இருந்தது. இன்னொன்றை எழுத நான் குடையோடு நிற்கிறேன் என்று நினைத்தார். நானோ நல்லது எழுத நின்றேன். அது அவருக்கு எப்படித் தெரியும்? குடையை ஒரு தரம் ஆட்டியிருந்தால் போதுமே. கையைக் காட்டியிருந்தால் போதுமே. ஐயோ, என்ன செய்துபோட்டன்.

நவம்பர் 22, வியாழன். கண்டி

துரையிடம் எல்லாம் சொன்னேன். ஒக்டோபர் 17ஆம் திகதிக் கோடு என் பிழை, நவம்பர் 2இல் நான் பார்த்துக்கொண்டு நின்றும் தடுக்கவில்லை, புத்தகத்தைத் திருத்த வேண்டும், பாலம்மாவுக்கு அறையை விட்டுவைக்க வேண்டும். கேட்டுவிட்டு, "புத்தகத்தில் எழுதியது எழுதியதுதான். உனக்கு உடம்பு சரியில்லை" என்றார். மணிக்கூட்டையும் சிவப்பு மையையும் திருப்பி வாங்கிக்கொண்டார், வேலை போயிற்று. குடை நான் வாங்கியது. அது என்னிடமே இருக்கிறது.

நவம்பர் 25, ஞாயிறு. கம்பளை

பாலம்மா மூட்டை முடிச்சோடு தோட்டத்துக்குப் போகிறார், அங்கே அண்ணன் வீடு. ஆற்றங்கரையில் காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்று பொய் சொன்னதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"எந்த எடத்துல நின்னீங்க?"

காட்டினேன்.

"அங்கேயே போய் நில்லுங்க. குடைய விரிங்க."

வெயில் அடித்தது. மூங்கிலுக்குப் பின்னால் குடையை விரித்துக்கொண்டு நின்றேன். அவர் மூட்டையைக் கரையில் வைத்துவிட்டு, கல்லைப் பிடித்து ஆற்றைக் கடந்தார். வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றார். நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். குடையை மடக்க மனம் வரவில்லை.

திரும்பி வந்து மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"நல்லாத் தெரியுதுங்க" என்றார். தோட்டத்துப் பக்கம் போக மறுபடி ஆற்றில் இறங்கினார்.

டிசம்பர் 8, சனி

முனாப்பின் கடையில் இருக்கிறேன். தோட்டத்து ஆட்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். யாழ்ப்பாணம் போகலாம். போனால் இந்த ஆற்றை யார் பார்ப்பது?

டிசம்பர் 19, புதன்

கம்பெனி புதிதாக ஓர் ஆளை வைத்திருக்கிறதாம். குடை இல்லாத ஆள், தொப்பி போடுகிறவன். அழகர் வந்து சொன்னார். "இனி மூணு வண்டியாத்தான் சேந்து வருவோம். கோடு போட்டா மூணு பேருக்கும் போடட்டும். அறுவடை நேரத்துல மூணு பேரையும் நிறுத்துவாங்களா, பாப்போம்."

1867 ஜனவரி 10, வியாழன். கம்பளை

மார்கழி கடைசி மழை. முற்பகலில் ஆறு ஏறியது, கல் மூழ்கியது. கடையிலிருந்து இறங்கிப் போனேன். மூங்கிலுக்குப் பின்னால் அந்தத் தொப்பிக்காரன் நின்றான். அவன் காலிலிருந்த சப்பாத்து புதருக்கு வெளியே தெரிந்தது. அவனுக்கும் தான் மறைந்து நிற்பதாக நினைப்பு.

டொக் டொக் என்று கேட்டது. அக்கரையில் மூன்று வண்டிகள். முன்னால் அழகர். மூங்கிலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

நான் புதரைத் தாண்டி வெளியே, தண்ணீரோரம் போய் நின்றேன். பாலம்மா வந்த அந்த ஞாயிறுக்குப் பிறகு தொடாத குடையை விரித்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன். மற்றக் கையை நிற்கும்படி காட்டினேன். வெள்ளை மாடு நின்றது. அழகர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பின்னால் வந்த இருவரும் வைத்தார்கள். மாடுகளை அவிழ்த்து அடுப்பு மூட்டினார்கள்.

தொப்பிக்காரன் வெளியே வந்து, வண்டிகளை மறிக்கிற நீ யார், பெயர் என்ன என்று கேட்டான். சொன்னேன். எழுதுவதில் பிழை விட்டான். ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பச் சொன்னேன். சிவப்பு மை மழையில் கரைந்தது, அதனால் என்னுடைய குடைக்குள் வந்து நின்றுதான் எழுதி முடித்தான்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கல் முதுகைக் காட்டியது. நான் குடையை மடக்கினேன். மாடுகளைப் பூட்டினார்கள்.