கசாயத் தூளை நான் கொண்டு போகிறேன்

ஜீவராணி,

ஐந்து மணி பஸ்ஸில் கொழும்பு கிளினிக்குக்குப் போகிறேன். இருமலோடு நீ பக்கத்தில் உட்கார்ந்து வருவது எனக்கு ஆகாது, அதனால் எழுப்பவில்லை. ரொட்டி சட்டிக்குள் மூடியிருக்கிறது. காலை மாத்திரை என் பையில். இரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். அப்போதுதான் நேற்றைய மருந்து உடம்பில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

நேற்று கோபத்தில் சரியாகச் சொல்லவில்லை. நம் உடம்புக்குள்ளும் தோட்டத்து வாச்சர் மாதிரி ஒரு காவல் இருக்கிறது. தெரியாத ஆளைக் கண்டால் அடித்துத் துரத்தும். ஆறு மாதத்துக்கு முன் நீ கொடுத்த கிட்னியும் அதற்குத் தெரியாத ஆள்தான். மாத்திரை அந்தக் காவலை அரைத் தூக்கத்தில் வைக்கிறது. உடம்பு தேறட்டும் என்று கஞ்சியில் நீ கலந்த ரசகிந்த, அந்தச் சீந்தில் கொடிக் கசாயம் அதைத் தட்டி எழுப்பியிருக்குமோ?

எனக்கே குழப்பம்தான். போன மாதம் இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியது, கிட்னி தளர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். மருந்து குறைந்தாலும் ஏறுமாம், கூடினாலும் ஏறுமாம். அதனால்தான் மிச்சத் தூளையும் காட்டக் கொண்டு போகிறேன்.

"பன்னெண்டு வருசமா ஒங்களோட இருக்கேன், என் கிட்னி எப்பிடிங்க அன்னியமாகும்?" என்று அழுதாய். அதையும் டாக்டரிடம் கேட்டு வருகிறேன்.

குமாரவேல்

வேலைக்குப் போனால் சாவியை விறகுக்கு அடியில் வை.

இன்னொன்று. கசாயம் குடித்ததை டாக்டரிடம் மறைக்க மாட்டேன். யார் கொடுத்தது என்றால், நானே கஹவத்தை டவுனில் வாங்கிக் குடித்தேன் என்பேன். உன்னைக் கேட்டாலும் அப்படியே சொல்.