ஓய்வில் இருக்கும் என் கணவரை வேலையில் சேர்த்துவிட்ட கணக்கு

அனுப்புநர்:
எமெரிதா சினிஸ்தெரா (வயது 54),
அர்கெமீரோ பங்கேராவின் மனைவி,
வீட்டு எண் 17, எஸ்தேரோ தெரு,
ஓரில்லா பாஹா குடியிருப்பு,
சான் எலாதியோ துறைமுகம், பசிபிக் கரை, கொலம்பியா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வேலைநிலைக் கணக்கெடுப்பு, பசிபிக் கரைக் கிளை அலுவலகம்,
சான் எலாதியோ துறைமுகம்.

பொருள்: வீட்டுப் படிவத்தில் என் கணவர் வேலையில் இருப்பதாகப் பதிவாகியிருப்பதை நீக்கி, பள்ளிச் சமையற்கூட வேலைக்கான முன்னுரிமைப் பட்டியலில் என் பெயரைத் திரும்பச் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத்தின் நவம்பர் மாத அறிக்கை. 2. எங்கள் வீட்டுப் படிவத்தின் நகல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூன்று வாரமாக இந்த மனுவை எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இருக்கிறேன். அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. மரியாதைக் குறைவாக ஏதாவது வந்து விழுந்தால் வயிற்றெரிச்சலில் எழுதியது என்று பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். தங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. தங்களை நான் பார்த்ததுகூட இல்லை.

1. நான் இவ்வூர் மீன் ஆலையில் பதினெட்டு வருடம் இறால் உரித்தவள். ஆலையை மூடி மூன்று வருடம் ஆகிறது. என் கணவர் அர்கெமீரோ துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் மூட்டை தூக்கினார். பெரிய பளுதூக்கி எந்திரங்கள் வந்ததும் அவரையும் இன்னும் நாற்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகும் நான்கு வருடம் ஒருநாள் விடாமல் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு துறைமுக வாசலில் போய் நின்றார். "இன்னைக்கு ஆள் எடுக்கலையாம், நாளைக்குப் பாக்கலாம்னாங்க" என்று சொல்லிக்கொண்டே பத்து மணிக்குத் திரும்பி வருவார். நான்கு வருடமும் அந்த நாளை வரவில்லை.

2. இந்த வருடம் பிப்ரவரி 11ஆம் தேதி காலை, அதே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. மறுநாள் கொட்டுகிற மழையில் அடக்கம் நடந்தது. ஒன்பது நாள் ஜெபமும் முறையாக முடித்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் "ஓய்வில் இருக்கிறார்."

இதைத் தங்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. தாங்கள் மலைப்பக்கத்து ஊர்க்காரர் என்று கேள்விப்பட்டேன். எங்கள் தெருவில் ஒருவரை அடக்கம் செய்தால், வருட ஜெபம் முடியும்வரை அவரைப் பற்றி அந்த மூன்றெழுத்து வினைச்சொல்லைச் சொல்ல மாட்டோம். அதுவரை அவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி விடைபெற்றுக்கொண்டிருக்கிறார் என்பது நம்பிக்கை. அந்தச் சொல் காதில் விழுந்தால் மனம் நொந்து வழி தவறிவிடுவார். அதனால் ஓய்வில் இருக்கிறார் என்போம். எங்கள் தெருவில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இதன் பொருள் தெரியும்.

3. தங்கள் கணக்கெடுப்பில் எங்கள் வீடு விழுந்தது போன வருடம் நவம்பரில். அப்போது அவர் இருந்தார். தாமே எதிரில் உட்கார்ந்து, "வேலை தேடிக்கிட்டிருக்கேன்மா, நல்லா எழுதிக்கோ, எந்த வேலைன்னாலும் சரி" என்று சொன்னார். அப்படியே பதிவானது. வேலை இல்லாதவர், தேடுபவர். அது சரியான பதிவு.

அடுத்து மார்ச்சில் தங்கள் ஊழியர் செல்வி லிலியானா வந்தார். நல்ல பெண். ஈரக் காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார், நான் கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடிப்பார். அன்று எங்களுக்குள் நடந்த பேச்சை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கீழே தருகிறேன்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"
"அவரு ஓய்வுல இருக்காரும்மா."
"எந்த வேலையிலேருந்து?"
"துறைமுகத்துல மூட்டை தூக்குற வேலை."
"போன வாரம் வேலைக்குப் போனாரா?"
"எப்படிம்மா போவாரு? ஓய்வுல இருக்காருன்னு சொல்றேனே."
"திரும்ப எப்போ வருவாரு?"
"அது நம்ம கையிலயா இருக்கு? மேல இருக்கறவருதான் முடிவு பண்ணணும்."

செல்வி லிலியானா தலையை ஆட்டிக்கொண்டு தம் கைக்கருவியில் எதையோ தட்டினார். சுவரில் என் கணவர் படம், முன்னால் மெழுகுவர்த்தி, கறுப்புத் துணியில் கட்டிய பூ எல்லாம் இருந்தன. அந்தப் பெண் படத்தைப் பார்த்து, "நல்ல களையான முகம்" என்று வேறு சொன்னார். நான் ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஜூனிலும் செப்டம்பரிலும் வந்து இதே கேள்விகளைக் கேட்டார். நானும் இதே பதிலைச் சொன்னேன். செப்டம்பரில் மட்டும், "இன்னும் ஓய்வுதானா? நல்ல கம்பெனி போலிருக்கே" என்றார். எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

4. நவம்பர் 18ஆம் தேதி தங்கள் அறிக்கையை வானொலியில் வாசித்தார்கள். நாடு முழுவதும் ஆண்கள் இவ்வளவு, பெண்கள் இவ்வளவு, இளைஞர்கள், பழங்குடியினர், மலைப்பக்கம், கரைப்பக்கம் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார்கள். எல்லாப் பிரிவிலும் வேலையில் இருப்போர் விகிதம் அப்படியேதான் இருக்கிறதாம், அல்லது ஒரு புள்ளி இறங்கியிருக்கிறதாம். ஒரே ஒரு பிரிவுதான் ஏறியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பகுதியில், ஐம்பது வயது கடந்த, கறுப்பின ஆண்கள். நூற்றுக்கு நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்து மூன்று.

எங்கள் தெருக் கோடியில் டாமினோ ஆடுகிற ஆண்கள் அந்த வயதுக்காரர்கள்தான். எல்லாரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "டேய், நம்மளத்தான்டா சொல்றான். காலையிலேருந்து இங்க உக்காந்திருக்கேன், எந்த வேலைக்குடா லீவு சொல்லாம வந்துட்டேன்?" என்று அவர்களில் ஒருவரான தோன் எலெயூத்தேரியோ கேட்டார். "நீ வேலைக்குப் போறது உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?" என்று இன்னொருவர் கேட்டார். நானும் சிரித்தேன், ஐயா. வாய்விட்டுச் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

5. மறுநாள் நகராட்சிக்குப் போனேன். பள்ளிச் சமையற்கூடத்தில் பன்னிரண்டு பெண்களுக்கு வேலை. ஜனவரி 20ஆம் தேதி சேர வேண்டும். சம்பாதிக்கும் ஆள் ஒருவர்கூட இல்லாத வீட்டுப் பெண்களுக்கு முன்னுரிமை, தங்கள் கணக்கெடுப்புப் படிவத்தை வைத்துத்தான் பட்டியல். ஆகஸ்டில் வந்த முதல் பட்டியலில் நான் மூன்றாவது. ஆலை மூடிய பிறகு எனக்கென்று வந்த ஒரே வேலை இதுதான். புதுப் பட்டியலில் என் பெயர் இல்லை. சாளரத்தில் இருந்த எழுத்தர், முந்தைய பட்டியல் பழைய படிவத்தை வைத்துப் போட்டது என்று கூறித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பங்கேரா, அர்கெமீரோ. 58. வேலையில் இருக்கிறார். தொழில்: துறைமுகச் சுமைதூக்கி. தற்காலிகமாகப் பணிக்கு வரவில்லை. காரணம்: ஓய்வு விடுப்பு. திரும்பும் நாள்: மேலதிகாரியின் முடிவுக்கு உட்பட்டது.

ஐயா, அதை இரண்டு முறை படித்தேன். சாளரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான்கு வருடம் இஸ்திரிச் சட்டையோடு வாசலில் நின்ற மனிதருக்கு யாரும் கொடுக்காத வேலையைத் தங்கள் அலுவலகம் அவரை அடக்கம் செய்த மறுமாதம் கொடுத்திருக்கிறது. அதன் பிறகு இரண்டு முறை உறுதியும் செய்திருக்கிறது.

6. விவரத்தைச் சொன்னேன். எழுத்தர் பொறுமையாகத்தான் கேட்டார். "அப்போ உங்க வீட்டுக்காரர் இப்ப வேலையில இல்லைன்னு சொல்றீங்க" என்றார். ஆமாம் என்றேன். "வேலை விட்டுட்டேன்னு அவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். உங்க பேச்சை வச்சு நான் மாத்த முடியாது" என்றார். அவர் ஓய்வில் இருக்கிறார் என்றேன். "அதான் படிவத்துலயே இருக்கே" என்றார்.

வரிசையில் பின்னால் நின்ற பெண்மணி, "டாக்டர், அந்தம்மா சொல்றது வேற ஓய்வு" என்று குரல் கொடுத்தார். (எங்கள் ஊரில் சாளரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எல்லாருமே டாக்டர்தான்.) எழுத்தருக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, பதிவு அலுவலகத்துச் சான்றிதழ் வேறு துறை, கணக்கெடுப்புப் படிவம் வேறு துறை, இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை, வீட்டைச் சேர்ந்த ஒருவர் "தெளிவான சொல்லில்" எழுத்து மூலம் தங்களுக்கு மனு கொடுத்தால்தான் மாற்ற முடியும் என்றார். "ஓய்வுன்னு மறுபடி எழுதிராதீங்கம்மா, கணினி அதை லீவுன்னுதான் எடுத்துக்கும்" என்றும் சொன்னார். பட்டியல் இறுதியாவது டிசம்பர் 20.

7. வீட்டுக்கு வரும் வழியில் மனசு கேட்கவில்லை. எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் தங்கள் ஊழியர் வந்துபோன வீடுகளுக்கெல்லாம் போனேன். மொத்தம் முப்பத்து நான்கு வீடு. அவற்றில் இந்த வருடம் ஓய்வுக்குப் போன ஐம்பது கடந்த ஆண்கள், என் கணவரோடு சேர்த்து நான்கு பேர். நால்வரும் போன வருடக் கணக்கில் வேலை தேடியவர்கள். நால்வர் வீட்டிலும் பெண்கள் சொன்ன பதில் ஒன்றுதான். தோன்யா பிளாசிதா என்ற பெண்மணி, "நான் இன்னும் ஒருபடி மேல போய், நல்ல இடத்துல இருக்காரு, இனி அவருக்கு ஒரு குறையும் இல்லைன்னு சொன்னேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கணவருக்குத் தங்கள் படிவத்தில் நிரந்தரப் பணி.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடத் தங்களிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஆண்களின் நிலை ஏறியது எங்கே என்று யாராவது தங்களைக் கேட்டால், கல்லறைத் தோட்டத்தின் வடக்குப் பக்கம் என்று தாராளமாகச் சொல்லலாம். தலைநகரில் இந்த எண்ணைப் பார்த்து யாரோ சந்தோஷப்பட்டிருப்பார்கள். எங்கள் பகுதிக்கு இனி உதவி தேவையில்லை என்றும் எழுதியிருப்பார்கள்.

8. மறைக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே படிவத்தில் நானும் வேலையில் இருப்பவள்தான். செப்டம்பரில் கணக்குக்கு எடுத்த வாரம் பள்ளி வாசலில் இரண்டு மணி நேரம் தேங்காய் மிட்டாய் விற்றேன். சும்மா இருக்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அதைச் சொல்லிவிட்டேன். வாரத்தில் ஒரு மணி நேரம் எதையாவது செய்தாலே வேலையில் இருப்பவர் என்பது விதியாம். விதி தங்களுடையது, மாற்றச் சொல்ல எனக்கு வாயில்லை. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறைவானதைப் பட்டியலுக்குச் சம்பாத்தியமாக எடுப்பதில்லை என்று எழுத்தரே சொன்னார். ஆகவே என் பெயரை அடித்தது என் இரண்டு மணி நேரம் அல்ல, அவருடைய விடுப்புதான்.

9. செல்வி லிலியானா மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டதைத்தான் தட்டினார். எங்கள் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை எங்கள் தெருவுக்கு வரும் எவருக்கும் அந்தச் சொல்லின் பொருளை முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் போதும். மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் தனித்தனியே மனு கொடுப்பார்கள். அவர்களில் இருவருக்கு எழுதத் தெரியாது, நான்தான் எழுதித் தர வேண்டும்.

10. ஆகவே ஐயா, டிசம்பர் 20ஆம் தேதிக்குள் எங்கள் வீட்டுப் படிவத்தைத் திருத்தி, நகராட்சிக்கு அதைத் தெரிவித்து, சமையற்கூடப் பட்டியலில் எனக்குரிய மூன்றாம் இடத்தைத் திரும்பத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிற பலம் என் கையில் இன்னும் இருக்கிறது. பதிவு அலுவலகச் சான்றிதழ், அடக்கச் சீட்டு, வீட்டுப் படிவ நகல் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

தங்களுக்குத் தெளிவான சொல் வேண்டுமாம். வருட ஜெபத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை பொறுத்தால் பட்டியல் போய்விடும். இன்று அவர் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

என் கணவர் அர்கெமீரோ பங்கேரா செத்துவிட்டார்.

நான் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன், ஐயா. தாங்கள் எழுத வேண்டியது என் பெயர் ஒன்றுதான்.

இடம்: சான் எலாதியோ துறைமுகம்
நாள்: 9 டிசம்பர் 2024

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
எமெரிதா சினிஸ்தெரா,
அர்கெமீரோ பங்கேராவின் விதவை