சட்டைப்பையில் இருந்த டாக்டர் சீட்டு

ஏங்க,

நீங்க நல்லாத் தூங்குதீங்க, எழுப்ப மனசு வரல. தேவ்நாருக்கு வேலைக்குப் போறேன். குக்கர்ல சோறு இருக்கு, சின்னச் சட்டியில கத்திரிக்காக் குழம்பு. சுட வைக்க வேண்டாம், அப்படியே சாப்பிடுங்க.

நேத்து பக்கத்துல இருக்க கிங்ஸ் சர்க்கிள்ல இருந்து வீடு வந்து சேர மூணு மணி நேரம் ஆச்சுன்னதும், "குடிச்சிட்டு வாரீங்களா?"ன்னு நம்ம பிள்ளை கலைச்செல்வி முன்னாடியே கேட்டுட்டேன். நீங்க சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்துட்டீங்க. காலையில துவைக்க எடுத்த சட்டையில டாக்டர் சீட்டு இருந்துச்சு. இங்கிலீசுல இருந்ததைப் பிள்ளைதான் வாசிச்சுச் சொன்னா. கொரோனா வந்து போனதுல ஞாபகம் தப்புதாம், வழி குழம்புதாம். தேதி பார்த்தா ரெண்டு மாசம் ஆயிட்டு. இத்தனை நாளா என்கிட்ட மறைச்சிருக்கீங்க. அதுல எனக்குக் கோவம்தான். ஆனா நேத்து நான் கேட்டது தப்பு.

புதன்கிழமை திரும்ப வரச் சொல்லி எழுதியிருக்காம். நான் லீவு சொல்லிட்டேன், சேர்ந்தே போவோம்.

பேராச்சி

வீட்டைப் பூட்ட, சாவி பக்கத்து வீட்டு மாலதி அக்காகிட்ட இருக்கு.

வெளிய போய் வழி தெரியலன்னா வெக்கப்படாதீங்க. எனக்குப் போன் போட்டு, பக்கத்துக் கடைக்காரர் கையில குடுங்க. எந்த இடம்னு நான் கேட்டுக்கிடுதேன். நான் வார வரைக்கும் அங்கேயே நில்லுங்க.